நடுநிலைத் தலைமையாசிரியர்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளுக்குத் தலைமையேற்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட நிமிடம் முதல் வாக்கு எண்ணிக்கை முடியும்வரை எந்தக் கட்சியையும் கேள்விப்பட்டிராதவராக வாழ்ந்து காட்டும் ஓர் இனத்தார் உள்ளனர். எஞ்சிய நாள்களில் இவர் எந்தக் கட்சிக்காரர் என்பதைத் தேநீர்க் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை ஊரார் அனைவரும் அறிவர். அறியாதவர் வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவரே. அவரும் அறியாதவர்போல் இருப்பது, பேச்சு வளர்ந்தால் தம்முடைய கட்சியும் வெளிப்பட்டுவிடுமே என்னும் அச்சத்தினால்தான்.

இந்தப் பருவகாலத் துறவுக்கு மூலநூல் 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகளாகும். அரசு ஊழியர் கட்சி உறுப்பினராக இருத்தல் கூடாது, யாருக்காகவும் வாக்குக் கேட்டல் கூடாது, வாக்களிக்கலாம் எனினும் யாருக்கு அளித்தார் அல்லது அளிக்கப் போகிறார் என்பதைக் குறிப்பாகக்கூட உணர்த்துதல் கூடாது என்பன அவற்றின் சாரம். மீறினால் வரக்கூடிய குறிப்பாணையை ஆசிரியர் உலகம் 'செவன்டீன் பி' என்று குரலைத் தாழ்த்தி உச்சரிக்கும். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில், பணிநீக்கம் வரையிலான பெருந்தண்டனைகளுக்கு வழிசெய்யும் 17(ஆ) பிரிவே அது. வேட்பாளருக்கு வாக்குச்சாவடி முகவராக, அதாவது ஊர் வழக்கில் 'பூத் ஏஜென்ட்' ஆக, உட்கார்ந்துவிட்டாலோ, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் மூன்று மாதம் வரை சிறை என்கிறது.

மேற்கண்டவற்றுள் தலைமையாசிரியரின் தூக்கத்தைக் கெடுப்பது 'குறிப்பாகக்கூட' என்பதுதான். எழுத்தறியா வாக்காளரும் அடையாளம் காணவேண்டும் என்பதற்காகத் தேர்தல் சின்னங்கள் எளிய பொருள்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டமையால், அவை ஏறக்குறைய ஒன்றாம் வகுப்புப் பாடநூலைப் பிரித்துப் போட்டாற்போல் அமைந்துவிட்டன. தமிழ்க் குழந்தையின் கையில் வண்ணப் பென்சிலைக் கொடுத்தால் அது முதலில் வரைவது இரண்டு மலைகளும் அவற்றின் நடுவே எழும் சூரியனுமே ஆதலின், தேர்தல் முடியும்வரை உச்சிவேளைச் சூரியனையே வரையுமாறு வாய்மொழி உத்தரவு பிறக்கிறது. அறிவியல் ஆசிரியர் கரும்பலகையில் வரையும் செடியில் மூன்றாவது இலை ஒன்று தலைமையாசிரியரின் கையாலேயே சேர்க்கப்படுகிறது. சுவரில் தொங்கும் தேசிய மலரின் படம் 'ஒட்டடை அடிப்பதற்காக' அலமாரிக்குள் போகிறது. விடை தெரிந்த மாணவர் கையை உயர்த்தும் பழக்கத்தை மட்டும் தடுக்க வழி தெரியாமல், விரலை மடக்கி உயர்த்தலாமா என்று அவர் சில நாள் ஆலோசிப்பதும் உண்டு.

இவ்வளவு எச்சரிக்கைக்கு நடுவிலும் அவர் பிரசாரம் செய்யாமல் இருப்பதில்லை என்பதே இவ்வினத்தாரின் கலைத்திறன். கட்சிக் கொடியின் வண்ணம் கரையில் ஓடும் 'கரை வேட்டி'யை அவர் பணிக்காலத்தில் தொடமாட்டார். ஆனால் அவருடைய சட்டைப்பைப் பேனாவின் மூடி, மிதிவண்டி மணியின் உறை, மேசைவிரிப்பின் ஓரத்தையல் ஆகியவை ஒரே வண்ணத்தில் அமைந்திருப்பதை எதிர்க்கட்சிக்காரர் எவரும் கவனிக்காமல் விட்டதில்லை. பெற்றோர் கூட்டத்தில், "யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் யோசித்துப் போடுங்கள்" என்பார். 'யோசித்து' என்னுமிடத்தில் அவர் தரும் அழுத்தத்திலேயே தொகுதி, வேட்பாளர், சின்னம் மூன்றும் அடங்கிவிடும். "சார், நீங்க நம்ம ஆளுதானே?" என்று எந்தக் கட்சிக்காரர் வந்து கேட்டாலும், "எல்லாப் பிள்ளைகளும் நம்ம பிள்ளைகள்தானே" என்று சிரித்து அனுப்பிவிடுவார். வந்தவர் உறுதி கிடைத்தது என்றே நம்பிப் போவார்.

நகைச்சுவையை ஒருபுறம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இவருக்கு வாய்ப்பூட்டுப் போடும் அரசு தனக்கு அதைப் போட்டுக்கொள்வதில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். விலையில்லாப் புத்தகப்பையும் பிற பொருள்களும் ஆட்சியிலிருப்போர் படத்தைத் தாங்கிப் பள்ளிக்கு வந்திறங்க, அவற்றை வழங்கும் விழாவுக்குச் சட்டமன்ற உறுப்பினரை அழைத்து, மாலை வாங்கி, வெயிலில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைதட்டச் செய்யவேண்டிய பொறுப்பு இதே தலைமையாசிரியருடையது. அது பிரசாரமன்று, பணி. 2021இல் ஆட்சி மாறியபோது முந்தைய முதல்வர்களின் படம் அச்சிடப்பட்ட பைகளை வீணாக்காமல் அப்படியே வழங்கலாம் என்று புதிய அரசு முடிவெடுத்தது இதற்கு அரிய விதிவிலக்கு. மேசைவிரிப்பின் ஓரத்தையல் கெடுக்கும் நடுநிலையைவிட, ஆண்டு முழுவதும் குழந்தையின் முதுகில் ஏறிச் செல்லும் முகம் கெடுக்கும் நடுநிலை பெரிது.

ஆசிரியருக்கும் அரசியலுக்கும் உறவே கூடாதென்று அரசியல் சாசனமும் கருதவில்லை. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம் என்று 171ஆவது பிரிவு கூறுகிறது. தமிழ்நாட்டில் மேலவை 1986இல் கலைக்கப்பட்டதோடு அந்த வாசலும் அடைபட்டது. உயர்நிலைப் பள்ளிக்குக் கீழ்ப்பட்டோருக்கு அவ்வாசல் எப்போதும் திறந்திருக்கவில்லை என்பது நம் தலைமையாசிரியரின் தனி வருத்தம். வாசல் அடைபட்டும் உறவு அறுபடவில்லை: 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டனர். பெரும்பாலோர் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். மறு ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக் கூட்டணி மாநிலத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. தோல்விக்குக் காரணங்கள் பல இருந்தும், இவ்வினத்தார் அதனை முழுமையாகத் தம் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டுள்ளனர்.

வாக்குப்பதிவு நாளில் அவருடைய பள்ளியே வாக்குச்சாவடியாகிவிட, அவரோ வேறோர் ஊர்ப் பள்ளியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக, உண்மையிலேயே அப்பழுக்கற்ற நடுநிலையோடு, முகவர்களுக்கு முன் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, இரவு வெகுநேரம் படிவங்களை நிரப்பிக்கொண்டிருப்பார். பணியின் பொருட்டு வெளியூர் செல்வோருக்கு உரிய தபால் வாக்கே அவர் மனத்திறப்புக்கு எஞ்சிய ஒரே வாய்ப்பு. எண்ணிக்கை நாளில் காலை 8 மணிக்கு இயந்திரங்களுக்கு முன்பாகத் தபால் வாக்குகளே எண்ணப்படுவதால், தொலைக்காட்சிகள் அறிவிக்கும் முதல் முன்னிலையில் அவர் ஒளித்துவைத்த கட்சியும் கலந்திருக்கும். ஆனால் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமோ சான்றொப்பமோ விடுபட்டமையால், பெயர் எழுத மறந்த மாணவரின் விடைத்தாளைத் திருப்பியெறியும் இவ்வினத்தாரின் வாக்குகளிலும் ஒரு பகுதி தேர்தல்தோறும் செல்லாதவையாகத் தள்ளப்படுகிறது.