நாற்பது டாப்ஸ்

2025 அக்டோபர் 14-ஆம் தேதி, தீபாவளிக்குச் சரியாக ஆறு நாள் முன்னால், நல்ல ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான கணினிகள் காலமாகிவிட்டன என்று அமெரிக்காவின் ரெட்மண்டிலிருந்து மைக்ரோசாஃப்டின் அறிவிப்பு வந்தது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாம், இலவசம்தான். ஆனால் டி.பி.எம். 2.0 என்றொரு சில்லு உள்ளே இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருக்கக் கூடாது. எட்டாம் தலைமுறை கடைக்கு வந்ததே 2017-இன் பிற்பாதியில். அதற்கு முன்னால் நகையை அடகு வைத்து ஐ7 வாங்கியவருக்கும் பந்தியில் இலை கிடையாது.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டி.டி.பி. கடை. அங்கே இருக்கிற மிஷின் ஓடுவது விண்டோஸ் 7-இல். அதற்கு மைக்ரோசாஃப்ட் பால் ஊற்றியது 2020 ஜனவரி 14-இல். கருமாதி முடிந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் தினமும் காலையில் எழுந்து உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்துக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது பேஜ்மேக்கர் 7. அடோபி அதை வெளியிட்டது 2001-இல், அதோடு அந்த வம்சமே நின்றுபோனது. துஷ்டி வீட்டு ஆள் வருவார், வாட்ஸ்அப்பில் வந்த கலங்கலான போட்டோவோடு. இறந்தவருக்குப் பின்னால் இருந்த பீரோவும் மளிகைக்கடைக் காலண்டரும் மறைந்து நீல வானம் வரும். சட்டை போடாமல் எடுத்த படமென்றால் இன்னொருவரின் வெள்ளைச் சட்டை கழுத்துக்குக் கீழே வந்து உட்காரும். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், கடைசியில் மறக்காமல் உற்றார் உறவினர். கால் மணி நேரத்தில் வேலை முடிந்து பிரஸ்ஸுக்குப் போய்விடும். "செத்தவங்களுக்குப் போஸ்டர் அடிக்கச் செத்த மிஷின் போதாதா அண்ணாச்சி?" என்கிறார் கடைக்காரர். என்ன வேலை, அதற்கு எவ்வளவு மிஷின் என்று அவர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். இந்தக் கணக்கை மட்டும் நீங்கள் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் தினத்தாளின் முதல் பக்கம் முழுக்க லேப்டாப் விளம்பரம்.

பாதுகாப்பு முக்கியமில்லையா என்று படித்தவர்கள் கேட்பார்கள். முக்கியம்தான். ஓட்டை அடைக்காத மிஷினில் பேங்க் கணக்கைத் திறக்கச் சொல்லி நான் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. டி.டி.பி. கடைக்காரரே அந்த மிஷினில் இன்டர்நெட் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்க ரெட்மண்டில் ஆள் இல்லாமல் போய்விட்டதா? 30 டாலர் கொடுத்தால் இன்னும் ஒரு வருஷம் அடைத்துத் தருகிறார்கள். காசு வேண்டாமா? உங்கள் கணினியின் அமைப்புகளை எங்கள் மேகத்தில் கொண்டுவந்து வையுங்கள், சும்மாவே தருகிறோம். கம்பெனிகளுக்கு மூன்று வருஷம், ஒவ்வொரு வருஷமும் இரட்டிப்பு விலை. ஆலை இயந்திரங்களுக்குள் உட்காரும் தனிப் பதிப்பு ஒன்றுக்கு 2032 ஜனவரி வரை உத்தரவாதம். ஆக, மருந்து காய்ச்சுவதை யாரும் நிறுத்தவில்லை. ஒரே அடுப்பு, ஒரே சட்டி. முக்கூடல் ஊர்க்காரி ஒருத்திக்கு மட்டும் மருந்து தீர்ந்துவிட்டது.

அந்த முக்கூடல்காரியை ஷோரூமில் பார்க்கலாம். மகள் பாளையங்கோட்டையில் பி.காம். சேர்ந்திருக்கிறது. அம்மா பீடி சுற்றுகிறவர். ஏ.சி. குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிறார். கழுத்தில் பட்டை தொங்கும் தம்பி ஆரம்பிக்கிறான்.

"அம்மா, இது ஏஐ லேப்டாப். உள்ள நாப்பது டாப்ஸ் இருக்கு."

"எதுக்குய்யா நாப்பது? எம்பிள்ளைக்கு ரெண்டு டாப்ஸ் போதும். போன தீவாளிக்கு எடுத்ததே பெட்டியில கெடக்கு."

சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கப்பட வேண்டியவர் அந்த அம்மா இல்லை. டாப்ஸ் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணக்கு. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் தன் புதுவகை ஏஐ கணினிக்கு விதித்த தகுதி இது: நாற்பதுக்குக் குறையாத டாப்ஸ், அதாவது நொடிக்கு நாற்பது லட்சம் கோடி கணக்கு. மத்திய அரசின் 2025-26 பட்ஜெட் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதை ஒவ்வொரு ரூபாயாக எண்ணச் சொன்னாலும் இந்த லேப்டாப் ஒன்றேகால் நொடியில் எண்ணி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். பி.காம். முதல் வருஷத்தில் எண்ணப்போவது பற்று, வரவு, மீதி. டேலி. கொஞ்சம் எக்ஸெல். அசைன்மென்ட் எழுதுவது சாட்ஜிபிடி. அந்த சாட்ஜிபிடியும் ஓடுவது இந்தப் பெட்டிக்குள் இல்லை, எங்கோ கடல் கடந்த கொட்டகையில், வேறொருவர் மிஷினில். இங்கே விலை கொடுத்து வாங்கிய நாற்பது டாப்ஸும் அம்மாவின் பெட்டியில் கிடக்கிற அந்தச் சுடிதாரைப் போல மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

ஆனால் தம்பி விடமாட்டான். "நாலு வருஷம் தாங்கணும்லாம்மா? சின்னதா எடுத்தா அடுத்த வருஷமே தொங்கும்." பக்கத்திலேயே மேஜை போட்டு ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் ஆதார், பான், கேன்சல் செக் என்று கேட்கத் தொடங்கிவிடுவார். வட்டியில்லாத் தவணை, பதினெட்டு மாசம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற கை, இந்தத் தவணைக்கு எத்தனை ஆயிரம் பீடி சுற்ற வேண்டும் என்ற கணக்குக்கு அந்த நாற்பது டாப்ஸில் அரை டாப்ஸ்கூட யாரும் ஒதுக்குவதில்லை. போதாக்குறைக்கு, அந்தக் கடல் கடந்த கொட்டகைகள் உலகத்து மெமரிச் சில்லை எல்லாம் வாரிக்கொண்டு போவதால் கடையில் ரேம் விலை எகிறிவிட்டது. மைக்ரான் கம்பெனி 2025 டிசம்பரில், குரூஷியல் என்ற பெயரில் சாதாரண ஜனங்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. அவர்களுடைய ஏஐக்கும் நாம் காசு கொடுக்கிறோம், நம் பெட்டிக்குள் தூங்குகிற ஏஐக்கும் நாம் காசு கொடுக்கிறோம்.

சின்னதாக எடுத்தால் தொங்கும் என்று தம்பி சொன்னது மட்டும் பொய்யில்லை. தொங்கத்தான் செய்யும். ஏன் என்பதுதான் வயிற்றெரிச்சல். பாஸ்கல் மொழியை உண்டாக்கிய நிக்லாஸ் விர்த், 1995-லேயே ஒரு கட்டுரையில் புலம்பியிருக்கிறார்: கணினி வேகமாவதைவிட வேகமாக மென்பொருள் மந்தமாகிக்கொண்டே போகிறது என்று. விர்த் 2024 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார். அவர் சொன்னது ஒவ்வொரு அப்டேட்டிலும் உயிரோடு இருக்கிறது. கணினியில் ஓடுகிற வாட்ஸ்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கென்றே ஒழுங்காக எழுதிய செயலி ஒன்று இருந்தது. 2025 கடைசியில் அதைத் தூக்கிவிட்டு வலைப்பக்கத்தையே ஒரு சட்டத்துக்குள் மாட்டிக் கொடுத்தார்கள். பல மடங்கு மெமரி தின்கிறது. அனுப்புவது என்னவோ அதே குட்மார்னிங்தான்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப்பில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். மூடியில் அம்மா படம். விண்டோஸோடு சேர்த்து, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. அப்படி 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். இப்போது 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று 2025-26 பட்ஜெட்டில் அறிவித்து டெண்டர் விட்ட லேப்டாப்பில் 8 ஜி.பி. பதினான்கு வருஷத்தில் நாலு மடங்கு. பிள்ளைகளின் மூளைக்கு நாலு மடங்கு வேலை கூடிவிட்டதா என்று கேட்காதீர்கள். அப்போது விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதினார்கள், இப்போது பார்க்கவும் வேண்டியதில்லை. குறை சொல்ல வேண்டியது பிள்ளைகளையும் இல்லை, கொடுத்ததையும் இல்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் முதல்முதலாக நுழைந்த கணினி அதுதான். பாஸ் லினக்ஸை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியாரைக் கூடவே அனுப்பியிருந்தால் அவற்றில் எத்தனையோ இன்றும் வெள்ளந்தியாக ஓடிக்கொண்டிருக்கும். வாத்தியாருக்கு மூடியில் படம் ஒட்ட முடியாது, அதனால் அனுப்பவில்லை.

வேகம் தேவைப்படுகிறவர்கள் உண்டு. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைக் கட்டிப்போட்டு எரித்துச் சோதிக்கிற இஸ்ரோக்காரர்களுக்கு வேண்டும். கல்யாண வீடியோவில் டிரோன் பறக்கவிட்டு நாலு மணி நேரத்துக்கு எடிட் செய்கிற ஸ்டூடியோக்காரருக்கு வேண்டும். மற்ற பேருக்கு வேண்டியது வேறு. ஓர் இ-சேவை மையத்தில் ஆச்சி ஒருத்தி கைரேகை வைக்கிறாள். ஐம்பது வருஷம் பீடி இலையைத் தேய்த்துத் தேய்த்து விரலில் ரேகையே இல்லை. "ஆச்சி, கைய நல்லா தொடச்சிட்டு வையிங்க." துடைக்கிறாள். தலையில் தேய்த்து எண்ணெய் ஏற்றி வைக்கிறாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், இடது கை. ஒரு வழியாகச் சிவப்பு பச்சையானால் சர்வர் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சர்வர் பிஸி, நாளைக்கு வாங்க." மையத்து மேஜையில் இருப்பது புத்தம் புது ஐ5. அது ஐ9 ஆனாலும் தேய்ந்த விரலில் ரேகை முளைக்காது.

நிஜமாகவே பெரிய கணினி தேவைப்பட்ட ஒரு ராத்திரி எங்களுக்கு வந்தது. 2023 டிசம்பர் 17. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்தது, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்குள்ளும் வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸும் அதில் ஏறிய சுமார் 800 பேரும் தண்ணீர் நடுவே. டிசம்பர் 12-லேயே எச்சரித்தோம் என்றார் நிர்மலா சீதாராமன். சொன்ன அளவைத் தாண்டிப் பெய்தது என்றார் ஸ்டாலின். அன்றைக்கு வானிலை மாதிரி நாட்டைப் பார்த்தது சுமார் 12 கிலோமீட்டர் கட்டம் கட்டமாக. காயல்பட்டினத்துக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை, மழையிலோ 26 செ.மீ. வித்தியாசம். கட்டத்தைச் சின்னதாக்க வேண்டுமென்றால் கணினி பெரிதாக வேண்டும். கணினி பெரிதானால் மட்டும் போதாது, கரையை அடைக்கவும் குளத்தைத் தூர்வாரவும் மனுஷன் வேண்டும் என்பது தனிக் கதை. வெள்ளம் வடிந்து ஒன்பது மாசம் கழித்து, 2024 செப்டம்பரில், அர்கா, அருணிகா என்ற இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் 850 கோடி ரூபாயில் புணேக்கும் நொய்டாவுக்கும் வந்தன. கட்டம் 6 கிலோமீட்டராகச் சுருங்கியது 2025 மே மாதம். ஐம்பதாயிரம் ரூபாய் லேப்டாப் 1,70,000 வாங்கினால் 850 கோடி காலி. ஒரு தேசத்து வானத்தைக் கணக்குப் போடுகிற மூளைக்கு அவ்வளவுதான் செலவு. அந்தக் காசை ஒவ்வொரு தீபாவளிக்கும் குட்மார்னிங் அனுப்புவதற்காகத் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

பழையதைக் கொண்டுவந்தால் ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் உண்டு. மூடியில் அம்மா படம் இருந்தால் ஐநூறு, இல்லாவிட்டால் கொஞ்சம் கூட. அங்கிருந்து பழைய இரும்புக் கடை, அங்கிருந்து செம்புக்காக வயரைக் கொளுத்துகிறவன் கை. விண்டோஸ் 10 சாவால் 24 கோடிக் கணினிகள் குப்பையாகலாம் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குச் சொன்னது. குப்பை எங்களுக்குப் புதுசில்லை. கேரளத்திலிருந்து லாரி லாரியாக மருத்துவக் கழிவை நடுக்கல்லூரிலும் கொடகநல்லூரிலும் கொட்டிவிட்டுப் போனார்கள். 2024 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது, கேரளத்திலிருந்தே வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். அதே நியாயம்தான் இதற்கும். ரெட்மண்டுக்கு லோடு லாரி என்ன வாடகை கேட்கிறான் என்று வண்ணார்பேட்டையில் யாராவது விசாரித்துச் சொன்னால், ஏற்றிவிடுகிற கூலியை நான் தருகிறேன்.