மூர் துரையின் மார்க்கெட்டு

சென்னையைச் சுத்தப்படுத்தப் புறப்பட்ட வெள்ளைக்காரர்கள் பலர். ஊர்தான் எப்போதும் ஜெயித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாஃபம் என்ற வக்கீல், கறுப்பர் நகரத்தில் ஒரு பள்ளத்தைத் தூர்த்துத் தெரு போட்டார். அதுதான் பிராட்வே. அங்கே சந்தை ஒன்று வந்தது. நூறு வருஷத்துக்குள் அது, மூடிப்போன பள்ளத்தின் பூர்வீக வாசனையை மீட்டுக் கொடுத்துவிட்டது.

மாநகராட்சித் தலைவர் சர் ஜார்ஜ் மூருக்கு மூக்கு வேலை செய்தது. 1898இல் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் புதுச் சந்தைக்கு அடிக்கல் நாட்டினார். எல்லிஸ் துரை படம் போட்டார், சுப்பிரமணிய ஐயர் கட்டினார், 1900இல் திறந்தார்கள். செங்கல்லும் வளைவுமாக இந்தோ-சாராசெனிக் பாணி. கிழிந்த சட்டைக்குப் பட்டன் வாங்க வந்தவனும் நவாப் வீட்டுச் சம்பந்தி மாதிரி நுழையலாம்.

சுகாதாரத்துக்காகக் கட்டிய இடத்தை ஊர் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டது. கிராமபோன் தட்டு, கிளி, முயல், எவர் தாத்தாவுடையதோ தெரியாத கைக்கடிகாரம். காலையில் தொலைத்த பொருளைச் சாயங்காலம் மூர் மார்க்கெட்டில் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்துக் கேலி.

எல்லாவற்றுக்கும் மேலே பழைய புத்தகம். அதை வாங்குவதற்குத் தனிச் சாஸ்திரம் உண்டு. வேண்டிய புத்தகம் கண்ணில் பட்டதும் கண்ணை எடுத்துவிட வேண்டும். பக்கத்திலிருக்கும் டைப்ரைட்டிங் கைடை விசாரித்துவிட்டு, போகிற போக்கில், "இது எவ்ளோப்பா?"

கடைக்காரர் புத்தகத்தைப் பார்க்க மாட்டார், உங்கள் சட்டையைப் பார்ப்பார். "இருவது ரூவா சார்."

"ரெண்டு ரூபா."

"இன்னா சார், எடைக்குப் போட்டாலே அதுக்கு மேல வருமே!"

பதில் பேசாமல் நடக்க வேண்டும். பத்தடிக்குள், "சார், வா சார், எட்த்துக்கோ" என்று குரல் வந்தால் நீங்கள் ஏமாந்தீர்கள், இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாம். வராவிட்டால் அசடு வழியத் திரும்பிப் போக வேண்டும். எம்.ஏ. பட்டத்தைவிட இதற்கு அதிகப் பயிற்சி தேவை.

1913இல் மாநகராட்சியே பக்கத்தில் ரிப்பன் மாளிகை கட்டிக் குடிவந்தது. அதற்கப்புறமும் 72 வருஷம் மார்க்கெட் மார்க்கெட்டாகவே இருந்தது.

1985 மே 30. தீ. ரயில்வேக்கு இடம் தேவைப்பட்ட நேரமும் அக்கினி பகவான் வந்த நேரமும் ஒத்துப்போனதைப் பற்றி டீக்கடைகளில் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். அதே வருஷம் வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்தது. மூர் மார்க்கெட்டின் பழைய அண்டை வீட்டுக்காரர்களான புலி, சிங்கத்துக்குக் காடே கிடைத்தது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் ஒரு காம்ப்ளெக்ஸ்.

எரிந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. ரயில்வே கணக்கில் அதன் பெயர் இன்றைக்கும் 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்'. வாசலில் பழைய கட்டடத்தின் பொம்மை ஒன்றையும் வைத்தார்கள். அத்தனை பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு பெயர்ப் பலகையும் ஒரு பொம்மையும்தான் விலை. பேரம் பேசத் தெரிந்த இலாகா.