தீபாலங்காரப் பிரபு

வீட்டைப் புதுப்பிப்பவர்களில் தரையை மாற்றுகிறவர் தரையோடு நின்றுவிடுவார். வர்ணம் பூசுகிறவர் சுவரோடு திருப்தி அடைந்துவிடுவார். ஆனால், ஹாலில் விரிசல் கண்ட பூச்சை மட்டும் சீர் செய்துகொள்ளலாம் என்ற சொற்ப உத்தேசத்துடன் ஆரம்பித்து, கொத்தனார் சாரம் கட்டி முடிப்பதற்குள் அண்ணாந்து பார்த்து, "இந்த வீட்டில் வெளிச்சமே சரியில்லை" என்று பெருமூச்சு விடும் ஒருவர் சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார். அவரைத் தீபாலங்காரப் பிரபு என்று அழைப்பதே பொருத்தம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

பிள்ளைகளின் பரீட்சைக்கும், பெண் பார்க்கும் வைபவத்துக்கும், பேரனின் தொட்டிலுக்கும் சலிக்காமல் வெளிச்சம் கொடுத்து, எப்போதாவது கண் சிமிட்டினால் ஸ்டார்ட்டரை ஒரு திருகு திருகியதும் சமாதானமாகிவிடும் அந்த 40 வாட் குழல் விளக்கு, அன்று முதல் பிரபுவின் கண்ணுக்குக் குடும்ப கௌரவத்தின் களங்கமாகவே தோன்றத் தொடங்குகிறது.

பாரிமுனைப் பக்கத்து விளக்குக் கடையில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிட்டு வந்தாரோ இல்லையோ, அவர் பண்டிதராகிவிடுகிறார். காப்பி சாப்பிட வந்த விருந்தாளியை டம்ளரைக் கீழே வைக்கக்கூட விடாமல், "உங்கள் வீட்டில் எத்தனை கெல்வின்?" என்று கேட்பார். விருந்தாளி திருதிருவென்று விழித்தால் பிரபுவுக்குப் பரமானந்தம். 3000 என்றால் இளமஞ்சள், 4000 என்றால் நடுத்தரம், 6500 என்றால் வெள்ளை வெளேரென்ற பகல் என்றும், எண் ஏற ஏறக் கணக்குப்படி உஷ்ணம் ஏறினாலும் கண்ணுக்கு என்னவோ அது குளிர்ச்சியாகவே படும் என்றும் சாங்கோபாங்கமாக விளக்குவார். செலவைப் பற்றி வீட்டுக்கார அம்மாள் வாய் திறந்தால் பிரசங்கம் ஜப்பானுக்கே போய்விடும். நீல ஒளி தரும் டயோடைக் கண்ட அகசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்ததும், அந்த நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசித்தான் இன்றைய வெள்ளை விளக்கைச் செய்கிறார்கள் என்பதும் எடுத்துரைக்கப்படும். நோபல் பரிசு பெற்ற வஸ்துவுக்குப் பேரம் பேசலாமா? அம்மாள் மௌனமாகிவிடுவாள். (அந்த மௌனம் சம்மதமன்று என்பது மின்கட்டணம் வரும் மாதத்தில் விளங்கும்.)

அவர் செய்வதெல்லாம் சிக்கனத்தின் பொருட்டே என்பதையும் சொல்லியாக வேண்டும். 60 வாட் குண்டு பல்பு செய்த வேலையை 9 வாட் எல்.இ.டி. செய்துவிடுகிறது என்பது சத்தியம். அந்தச் சத்தியத்தை வைத்துக்கொண்டு பிரபு போடும் கணக்குத்தான் விசித்திரமானது. பழைய குழல் விளக்கு, சோக்கையும் சேர்த்து 50 வாட் சொச்சம் தின்றுகொண்டிருந்த இடத்தில், பால்ஸ் சீலிங் அடித்து, அதில் 12 வாட் விளக்குகள் பன்னிரண்டைப் பதித்து, ஓரத்துப் பள்ளத்தில் மீட்டருக்கு 10 வாட் வீதம் பத்து மீட்டர் ஸ்ட்ரிப் லைட்டையும் ஓட விட்டால் 244 வாட் ஆகிறது. மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து மடங்காகிவிட்டதே என்று யாராவது சுட்டிக்காட்டினால், "எல்லாவற்றையும் ஒரே நேரத்திலா போடப் போகிறோம்?" என்று கேட்பார், வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவார்.

எலக்ட்ரீஷியன் முதல் நாளே, "சார், பட்டி பார்க்கறதுக்கு முன்னாடியே பாயிண்ட் எல்லாம் எங்கேன்னு சொல்லிடுங்க, அப்புறம் மாத்தினா சுவரைத்தான் உடைக்கணும்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். பிரபுவும் சொல்லியிருப்பார். ஆயினும் இரண்டாவது கோட்டிங் பெயிண்ட் காய்ந்துகொண்டிருக்கும் சுபவேளையில்தான், "தம்பி, இந்த சுவிட்ச் போர்டு ஒரு முழம் தள்ளி இருந்தால் எப்படி இருக்கும்?" என்ற ஞானோதயம் அவருக்கு உண்டாகும். மறுபடியும் கட்டர் அலறும். செங்கல் தூள் பூஜை அறைப் படங்கள் வரைக்கும் போய்ப் படியும். பெயிண்டர் பீடி பிடிக்க வெளியே போனவர் அன்று திரும்பமாட்டார்.

கிருகப் பிரவேசம் போன்ற ஆடம்பரத்துடன் விளக்குகள் ஏற்றப்படும் அன்றுதான், மின்விசிறியை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை என்பது தெரிய வரும். இறக்கைகளுக்கு நேர் மேலே பதித்த விளக்குகளின் ஒளி வெட்டுப்பட்டு ஹால் முழுவதும் படபடக்க, காற்று வேண்டுமா வெளிச்சம் வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டிய தர்மசங்கடம் குடும்பத்துக்கு நேரும். பிரபுவின் தாயாரோ பதினாறு சுவிட்சுகள் கொண்ட போர்டின்முன் நின்று, தமக்கு வேண்டிய ஒன்றைத் தேடி ஹார்மோனியம் வாசிப்பவர்போல் வரிசையாக அமுக்கிக்கொண்டிருப்பார். அடுக்களையில் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வருவதால், அம்மாள் தன் நிழலிலேயே கீரை ஆய்ந்துகொண்டு, "ஏங்க, எனக்குப் புழு தெரிய மாட்டேங்குது" என்று குரல் கொடுப்பாள். ஹாலில் சுவரோவியத்தின்மேல் விழும் ஒளிவட்டத்தைச் சரி செய்யும் மும்முரத்தில் அது பிரபுவின் செவியில் ஏறாது.

கணக்குத் தீர்க்கிற அன்று எலக்ட்ரீஷியன் பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி, "சார், மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிகிட்ட ஒரு பல்பு போட்டுடலாம். கணக்கெடுக்க வர்றவர் டார்ச் அடிச்சுத்தான் பார்க்கறார்" என்பார்.

பிரபுவின் முகம் மலரும். "செய்துவிடலாம். அங்கே 3000 பொருந்துமா, 4000 பொருந்துமா, தம்பி?"