ஒரு பட்டம், பல ஊர்

கேள்வி: குன்னூர் பக்கத்து வெலிங்டனும் நியூசிலாந்துத் தலைநகர் வெலிங்டனும் ஒரே ஆளின் பெயர்தானா?

பதில்: ஒரே ஆள்தான். ஆனால் அது அவர் பெயரே இல்லை! அவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1809-ல் ஸ்பெயினில் தலவேரா சண்டையை ஜெயித்ததும் பிரபுப் பட்டம் தர லண்டன் முடிவு செய்தது. பட்டத்துக்கு ஒரு ஊர்ப் பெயர் வேண்டுமே? ஆள் போர்க்களத்தில். அண்ணன் வில்லியம்தான் தேடிப் பிடித்தார்: இங்கிலாந்தின் சாமர்செட்டில் வெலிங்டன் என்றொரு ஊர். தகுதி? குடும்பப் பெயரின் சாயல் இருந்தது, அவ்வளவுதான். தம்பிக்கும் மறுப்பில்லை.

அப்புறம் அந்தப் பட்டம் கப்பலேறியது. குடியேற்றத் திட்டத்துக்கு அவர் கொடுத்த ஆதரவுக்கு நன்றியாக 1840-ல் நியூசிலாந்து கம்பெனி தன் ஊருக்கு அதைச் சூட்டியது. அந்த மண்ணை அவர் மிதித்ததே கிடையாது. நீலகிரியில் ஜெகதளா பக்கம் எழுந்த ராணுவக் குடியிருப்புக்கும், 1852-ல் அவர் கண்ணை மூடிய பிறகு, அதே பெயர். இந்தப் பக்கமாவது அவர் திப்புவோடு மோத 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்தவர். மலை ஏறாவிட்டாலும் பக்கத்து ஊர்க்காரர் என்று சேர்த்துக்கொள்ளலாம். நெப்போலியனை வாட்டர்லூவில் வென்றவருக்கு ஊர்கள் போதவில்லை போலும், இங்கிலாந்தில் சேற்றில் மிதிக்கிற ரப்பர் பூட்ஸுக்கும் வெலிங்டன்தான் பெயர்.