வால் பிடிக்கும் அண்ணா

எந்த ஐ.டி. ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். தன் சீட்டில் உட்கார்ந்திருப்பார். கண் மட்டும் அடுத்தவர் திரையில் இருக்கும். எங்கள் ஆபீஸில் அவருக்கு 'ரெஜெக்ஸ் அண்ணா' என்று பெயர். ரெஜெக்ஸ் என்றால், எழுத்துகளுக்கு நடுவே வேண்டியதைத் தேடிப் பிடிக்கும் குறிமொழி.

"பில்-2024-0047" என்பதில் வாலில் இருக்கும் 0047-ஐ மட்டும் பைத்தானில் பிரித்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதை வாய்விட்டுச் சொன்னால் போதும், சுழல் நாற்காலி உருண்டு வரும் சத்தம் கேட்கும்.

"1951-ல கிளேனின்னு ஒருத்தர்..." என்று ரெஜெக்ஸின் வரலாற்றை ஆரம்பிப்பார். 'க்ளீன்' என்று சொல்லிவிட்டால் கோபம் வரும். 1968-க்கு, கென் தாம்ஸனிடம் வந்து சேர்வதற்குள் நம் டீ ஆறிவிடும்.

நடுவில் நாமே எழுதிப் பார்ப்போம்: முதலில் புள்ளி, நட்சத்திரம், பிறகு எண்களுக்கான குறி. 0047 வராது, வெறும் 7 வரும். அண்ணாவின் முகம் மலரும்.

"புள்ளி நட்சத்திரம், முதல் பந்தியில உட்கார்ற ஆளு. கிடைச்சதெல்லாம் சாப்பிட்டுட்டு, பின்னாடி வர்றவனுக்கு போனாப் போகுதுன்னு ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கும்."

பிறகு தன் மந்திரத்தைத் தட்டுவார்: பேக்ஸ்லாஷ், டி, பிளஸ், டாலர். "டாலர்னா முடிவுன்னு அர்த்தம். காசு இல்லை." சிரிக்கும்வரை நாற்காலியை நகர்த்த மாட்டார்.

வெளியிலும் இதே கண்தான். "பழைய எண் 14, புதிய எண் 27" என்றால் நேரே 27-க்குப் போவார். வரிசையை மாற்றி அச்சடித்த அழைப்பிதழை நம்பி, ஒருமுறை யார் வீட்டு வளைகாப்பிலோ சாப்பிட்டு வந்தார். 29சி பஸ்ஸில் ஏறமாட்டார் என்றும் பேச்சு. அதற்குத்தான் வாலில் எண் இல்லையே.

புதிதாகச் சேர்ந்த பெண் இதெல்லாம் கேட்கவில்லை. "கடைசி நாலு எழுத்தை வெட்டிட்டேன் அண்ணா. முடிஞ்சுது" என்றாள். அண்ணா இரக்கத்தோடு பார்த்தார். "பத்தாயிரமாவது பில் வரட்டும்மா."

அன்றிலிருந்து காலையில் வந்ததும் பில் எண்ணைத்தான் பார்ப்பார். 9998. 9999. மறுநாள் மைசூர்பாவோடு வந்தார். அவளுக்கு 0000, தனக்கு 10000 என்று சொல்லி, ஆபீஸையே கூட்டிவைத்து இரண்டு நிரலையும் ஓட்டினார்.

அவருக்கு வந்தது 'நன்'. ஒன்றுமில்லை என்று பைத்தான் கைவிரிக்கும் சொல். அவளுக்கு வந்தது: "த்து".

கணக்குப் பிரிவு மாமா அந்த பில்லையே ரத்து செய்து, எண்ணுக்குப் பின்னால் அதையும் தட்டியிருந்தார்: "பில்-2024-10000-ரத்து". பைத்தானுக்குப் புள்ளியும் ஒரு எழுத்து, உகரக் குறியும் ஒரு எழுத்து. நாலை எண்ணி வெட்டியதில் 'ர' போய்விட்டது.

அண்ணா இரண்டு விடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மைசூர்பா டப்பாவை அவளிடம் நீட்டினார்.

"எடுத்துக்கோம்மா. எனக்கு ஒண்ணுமே இல்லைன்னுடுச்சு. உன்னையாவது ஒரு ஆளா மதிச்சுத் துப்பியிருக்கு."