ஊதாத சங்கு

ஹவாய்த் தீவுகளின் அபாயச் சங்குகள் ஒழுக்கத்துக்குப் பேர்போனவை. மாதத்தின் முதல் வேலை நாளன்று காலை 11.45 மணிக்குத் தவறாமல் ஊதிக் காட்டும். மொத்தம் சுமார் 400. இவ்வகையில் உலகிலேயே பெரிய அமைப்பு என்று அரசே மார்தட்டிக்கொள்ளும். மவுயித் தீவில் மட்டும் 80. 2023 ஆகஸ்ட் 8 அன்று அத்தீவின் லஹைனா நகரம் காட்டுத்தீயில் வெந்தபோது அந்த எண்பதும் கப்சிப். மாதப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு; முழு ஆண்டுத் தேர்வில் முட்டை. நூறு பேருக்கு மேல் கருகிச் செத்தார்கள்.

ஏன் ஊதவில்லை? தீவின் பேரிடர்த் துறைத் தலைவர் விளக்கினார். சங்கு கேட்டால் சுனாமி என்று நினைத்து மக்கள் மலைப்பக்கம், தீயை நோக்கியே ஓடியிருப்பார்களாம். அடடா, என்ன கரிசனம்! அது காட்டுத்தீக்கும் ஊதவேண்டிய சங்குதான் என்று மாநில அரசின் இணையதளம் எழுதி வைத்திருந்ததே, அதை யாருக்காக எழுதினார்கள்? வருத்தம் உண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். மறுநாள் உடல்நலக் காரணம் சொல்லி விலகினார். தீப்பிடித்த அன்று அவர் எங்கே இருந்தார்? வேறொரு தீவில், பேரிடரைச் சமாளிப்பது பற்றிய கூட்டத்தில்!

2025 மே 16 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சூறாவளி சூறையாடியது. அங்கேயும் எச்சரிக்கைத் துறையினர் வெளியே ஒரு பயிலரங்கில் இருந்தார்கள். தீயணைப்புத் துறைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். சொன்னது தெளிவாக இல்லையாம். சங்கு ஊதவில்லை. பேரிடர் என்றைக்கு வரும் என்று அறிய இனிச் செயற்கைக்கோள் எதற்கு? அதிகாரிகள் பயிலரங்குக்குப் போகும் தேதியைக் கேட்டால் போதும்.

இயந்திரத்தைக் குறை சொல்லாதீர்கள். 1952-ல் க்ரைஸ்லர் கார் கம்பெனி விற்ற சங்குக்கு 180 குதிரைத்திறன் கொண்ட வி-8 எஞ்சின். 100 அடி தள்ளி நின்றாலும் 138 டெசிபல். சோவியத் குண்டுக்குப் பயந்து அமெரிக்க நகரங்கள் வாங்கி மொட்டைமாடிகளில் ஏற்றின. குண்டு வரவில்லை, சங்குகள் துருப்பிடித்தன. வராத குண்டுக்கு வாரியிறைத்த நாடு, வந்துகொண்டே இருக்கும் வெள்ளத்துக்குப் பண முடிச்சை அவிழ்க்க மறுக்கிறது.

டெக்சாஸின் குவாடலூப் ஆறு 1987-லேயே முகாமுக்கு வந்த 10 பிள்ளைகளை விழுங்கியது. அதன் கரையிலுள்ள கெர் கவுண்டி என்ற மாவட்டம், எச்சரிக்கை அமைப்பு வைக்கலாமா என்று 2016-ல் கூடிப் பேசியது. செலவு சுமார் 10 லட்சம் டாலர். நடுராத்திரியில் இந்த இழவு சத்தத்தைக் கேட்டால் நான் மறுபடி குடிக்க ஆரம்பிக்க வேண்டியதுதான் என்கிற பாணியில் அலுத்துக்கொண்டார் ஓர் ஆணையர். மானியம் கேட்டார்கள், கிடைக்கவில்லை, கோப்பை மூடினார்கள். 2021-ல் கொரோனா நிவாரணமாக 1 கோடி டாலருக்கு மேல் வந்தது. ரேடியோக் கருவிகளுக்குப் பணம் இருந்தது, ஊழியர் ஊக்கத்தொகைக்கு இருந்தது. ஆற்றங்கரைச் சங்குக்கு மட்டும் இல்லை.

2025 ஜூலை 4 அதிகாலையில் அந்த ஆறு 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. கவுண்டியில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மிஸ்டிக் என்ற சிறுமியர் கோடை முகாமில் மட்டும் சிறுமிகளும் துணையாளர்களுமாக 27 பேர். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நடுராத்திரியின் அமைதிக்குச் சங்கால் எந்தப் பங்கமும் வரவில்லை.

அதே ஆற்றின் கீழ்ப்பக்கம் கம்ஃபர்ட் என்றொரு சிற்றூர். அங்கே தன்னார்வத் தீயணைப்புப் படையினர் மானியம், நன்கொடை, கைக்காசு என்று சேர்த்துச் சங்குகளைத் தயார்செய்து வைத்திருந்தார்கள். அன்று ஊதினார்கள். அந்த ஊரில் ஒரு பிணம் விழவில்லை.

ஊதுகிற சங்கை ஊதி வை, விடியும்போது விடியட்டும் என்பார்கள் நம் ஊரில். இந்த மகான்கள் ஊதவும் மாட்டார்கள்; விடிந்த பிறகு வந்து இரங்கற்பா மட்டும் படிப்பார்கள். நூறு பிணங்களுக்குப் பிறகு டெக்சாஸ் சட்டம் போட்டிருக்கிறது, வெள்ள அபாயப் பகுதிகளில் சங்கு கட்டாயமாம். இனி டெண்டர், திறப்பு விழா, மாதாந்திர ஒத்திகை எல்லாம் ஜாம்ஜாம் என்று நடக்கும். வாக்குப் போட்டவர்களே, டெசிபல் எத்தனை என்று கேட்காதீர்கள். பொத்தானை அழுத்துவது யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார், அழுத்தாவிட்டால் அவருக்கு என்ன தண்டனை? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு கம்பத்தையும் நட விடாதீர்கள்.