ரூம் போடாமல் யோசிப்பவர்

மதுரையில் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். வேலை ஒன்றும் மோசமில்லை. வீட்டுக்கடன் பாதி அடைந்திருக்கும். வழியில் பார்த்து, "என்னண்ணே, ஆளையே காணோம்?" என்று கேட்டால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிடுவார். "கொஞ்சம் நிதானமா ஒக்காந்து யோசிக்கணும்ப்பா. எங்கிட்டுப் போய்க்கிட்டிருக்கோம்னே தெரியல" என்பார். போய்க்கொண்டிருந்தது சிம்மக்கல்லுக்கு. அது அவருக்கும் தெரியும். அவர் சொல்வது வாழ்க்கையை.

எனக்குப் பழக்கமான அண்ணன் கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். ஊரெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை புதுக்கணக்குப் போடும். இவர் மாதம் ஒருமுறை போடுவார், தன் பேரில். வழக்கமான இடம் வண்டியூர்த் தெப்பக்குளம். 1645இல் திருமலை நாயக்கர் வெட்டியது. மகால் கட்ட மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "பள்ளத்தக்கூட வீணாக்கல பாரு அந்த மனுசன். நம்ம என்ன பண்ணியிருக்கோம்?" என்று அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

சுற்றுச்சுவரில் கைக்குட்டையை விரிப்பார். செல்போனைச் சத்தமில்லாமல் செய்து, ஒரு நிமிஷம் கழித்து யாராவது கூப்பிட்டார்களா என்று பார்ப்பார். பிறகு டைரி. மசாலா கம்பெனிக்காரன் கடைக்குக் கொடுத்த ஓசி டைரி. பக்கத்தின் நடுவில் அடிஸ்கேல் வைத்து ஒரு கோடு. இடது பக்கம் 'இதுவரை', வலது பக்கம் 'இனிமேல்'. இதுவரை மளமளவென்று நிரம்பும். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தும் சேராதது, ஊமச்சிகுளத்தில் மலிவாக வந்த மனையை மச்சினன் பேச்சைக் கேட்டு விட்டது, அந்த மச்சினனே அதை வாங்கியது. இனிமேல் பக்கத்தில் 'காலையில் அஞ்சு மணிக்கு' என்று எழுதி, அடுத்த வார்த்தைக்குப் பேனாவை உதறுவார். அந்த நேரம் பார்த்துச் சுண்டல்காரர் வந்துவிடுவார்.

ஒருமுறை சுண்டல் தீர்ந்ததும் பொட்டலக் காகிதத்தைப் பிரித்து நீவிப் பார்த்தார். எந்தப் பிள்ளையோ எழுதிய பரீட்சைத் தாள். கோடிட்ட இடங்களை நிரப்புக. பாதிக்கு மேல் காலி. "பயபுள்ள நம்மள மாதிரிதான் போல" என்று மடித்து டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

உட்கார்ந்து யோசித்து நிஜமாகவே திசை மாறியவர்களும் இந்த ஊரில் உண்டு. அண்ணனுக்கு வம்பே அவர்களால்தான். சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீட்டு மாடியில், 1896 ஜூலையில், பதினாறு வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று மரண பயம் வந்தது. பையன் வைத்தியரைக் கூப்பிடவில்லை. செத்தவன் மாதிரியே நீட்டிப் படுத்து, சாவது உடம்பென்றால் நான் யார் என்று பார்த்தான். சுமார் ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, தமையன் தன் காலேஜ் சம்பளம் கட்டச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டான். ரமண மகரிஷியின் கதை.

அந்த வீடு இப்போது ரமண மந்திரம். அண்ணனும் நானும் போனோம். தத்துவம் அவரை அசைக்கவில்லை. அந்த மூன்று ரூபாய் அசைத்துவிட்டது. "ரயிலுக்கு வேணுங்கறத மட்டும் எடுத்துட்டு மிச்சத்த வச்சிருக்காரு. சீட்டு வேற எழுதியிருக்காரு. இதாம்ப்பா கணக்கு!" என்றார். கண் கலங்கியிருந்தது. வெளியே வந்த வேகத்தில் தானும் திருவண்ணாமலை போவதென்று முடிவெடுத்து, அங்கேயே நின்று போனில் டிக்கெட் போட்டார். போக, வர, இரண்டுக்கும் ஜன்னல் ஓரம். திங்கட்கிழமை கடைக்குச் சரக்கு வருகிறதாம்.

அடுத்தது மேலமாசி வீதி. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு, அரையாடையோடு வெளியே வந்த வீடு அங்கே இருக்கிறது. இப்போது அதில் கதர்க்கடை. "தேவையக் குறைக்கணும்ப்பா" என்று உள்ளே போனார். காந்தி ஜெயந்தித் தள்ளுபடி நேரம். துணியைக் குறைக்கப் போனவர் இரண்டு சட்டை, ஒரு போர்வையோடு திரும்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். படித்த திமிரில் நான் ஒன்று சொல்லித் தொலைத்தேன். காந்தி மதுரையில் திடீரென்று முடிவெடுத்துவிடவில்லை. முதலில் பாரிசாலில் யோசித்தார், பிறகு வால்டேரில் கிலாபத் தலைவர் முகமது அலியைக் கண்ணெதிரே கைது செய்தபோது யோசித்தார், இரண்டு தடவையும் அடக்கிக்கொண்டு மூன்றாவதாக இங்கேதான் துணிந்தார் என்றேன். அண்ணன் முகம் பௌர்ணமியாகிவிட்டது.

"காந்தியே ரெண்டு தடவ தள்ளிப்போட்டிருக்காருன்னா, நமக்கு என்னப்பா அவசரம்?"

போன மாதம் மாங்குளம் மலைக்குப் போனோம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலான சமணப் படுக்கைகள், பக்கத்தில் தமிழி எழுத்து. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லில் மல்லாந்து படுத்தார். நான் கல்வெட்டைப் பற்றிச் சொன்னேன். நெடுஞ்செழியன் காலத்தது, வெள்ளறை வணிகர் குழுவும் இந்தக் கொடையில் உண்டு என்றேன். விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பயே யோசிக்கிறவனுக்கு யாவாரிதான் செலவு பண்ணியிருக்கான். எங்க மொதலாளிகிட்டச் சொல்லணும்."

மறுபடி படுத்தார். குறட்டை வந்தது. மதினி இரண்டு தடவை கூப்பிட்டும் போன் சத்தமில்லாமல் மினுங்கி அணைந்தது.

இத்தனை இடத்துக்கும் பின் சீட்டில் உட்கார்ந்து போனவன் யார் என்று என் வீட்டுக்காரியும் கேட்டாள். "அவரு யோசிக்கிறாரு, சரி. நீங்க எதுக்குப் பதினோரு வருசமா கூடவே போறீங்க?" துணைக்கு என்றேன். அவள் சிரித்த சிரிப்பு சரியில்லை.

நேற்று அண்ணன் வந்திருந்தார். இந்த வருஷம் மசாலாக்காரன் இரண்டு டைரி கொடுத்தானாம். எனக்கு ஒன்று. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் போனபின் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் ஸ்கேல் தேடினேன். கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.